பெட்டிக்குள் எத்தனை டிஸ்குகள்?

கணிப்பொறியின் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே பூட்டி அமைத்துக்கொள்ளும் பழக்கம் ஆசிரியர்களிடையேயும் களப் பணியாளர்களிடையேயும் காணப்படுகிறது. செலவு குறைவு, பழுது நேர்ந்தால் தாமே பிரித்துப் பார்க்கலாம். ஒரு டிஸ்குடன் தொடங்கும் அத்தகைய பெட்டி விரைவில் நிரம்பிவிடவே, இரண்டாவது சேர்க்கப்படுகிறது. பின்னர் மூன்றாவதும் சேர்கிறது. டிஸ்குகள் பெருகப் பெருக, அவற்றில் உள்ள பதிவேடுகளின் பாதுகாப்பும் பெருகுவதாக ஒரு நம்பிக்கை உடன் வளர்ந்துவிடுகிறது. இந்நம்பிக்கை ஆதாரமற்றது.

மழைமானியில் இன்று காலை 8-30 மணிக்குப் பார்க்கத் தவறிய அளவை நாளை சென்று பார்க்க இயலாது. கிணற்று நீர்மட்டம், வயலில் எண்ணிய பூச்சிகளின் தொகை, ஒரு வகுப்பின் பல்லாண்டு மதிப்பெண்கள் ஆகியனவும் இத்தன்மையனவே. இயந்திரம் பழுதானால் வேறு வாங்கலாம். விண்டோஸையோ லினக்ஸையோ மீண்டும் நிறுவலாம். பதிவுகள் மட்டும் திரும்பக் கிடைப்பதில்லை. ஆகையால், டிஸ்குகளை எவ்வாறு அமைப்பது என்ற வினாவை வேகத்தைக் கொண்டு ஆராய்வதைவிட, இப்பெட்டி இன்றிரவே மறைந்துபோனால் எஞ்சுவது யாது என்பதைக் கொண்டு ஆராய்வதே பொருத்தமாகும்.

இரண்டு டிஸ்குகளுக்கு இன்று வழங்கும் ஏற்பாடு எளியது; பெரும்பாலும் சரியானதும்கூட. இயக்க முறைமையும் நிரல்களும் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.யில் இருக்கும், பதிவேடுகளும் படங்களும் பெரிய ஹார்டு டிஸ்கில் இருக்கும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 150 முதல் 200 மெகாபைட் வரை படிக்கும். சாட்டா கேபிளில் இணைந்த எஸ்.எஸ்.டி. 550 மெகாபைட் வரை படிக்கும், எம்.2 துளையில் நேரே செருகப்படும் என்.வி.எம்.இ. வகையின் வேகம் அதனினும் பன்மடங்கு. எனினும், இவ்வேற்பாட்டின் மெய்யான பயன் வேகமன்று. இயக்க முறைமை கெட்டுவிட்டால், முதல் டிஸ்கை முற்றிலும் அழித்து மறுபடி நிறுவும்போது இரண்டாவதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அதுவே இதன் பயன்.

இப்பயனை முதல் நாளிலேயே இழந்துவிடுவோரும் உளர். இரு டிஸ்குகளையும் இணைத்த நிலையில் விண்டோஸை நிறுவினால், இயந்திரத்தை எழுப்புவதற்குரிய சிறு பகுதி சில சமயம் இரண்டாவது டிஸ்கில் போய் அமர்ந்துவிடுகிறது. நெடுநாள் கழித்து அந்த ஹார்டு டிஸ்கைக் கழற்றும்போது, நல்ல நிலையிலுள்ள எஸ்.எஸ்.டி.யும் எழ மறுக்கிறது. காரணம் புலப்படாமல் உரியவர் திகைக்கிறார். நிறுவும் வேளையில் ஒரு டிஸ்கை மட்டும் இணைத்து வைப்பதே இதற்குப் பரிகாரம். இரண்டாவதை இணைத்தபின், 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட கொள்ளளவாயின், எம்.பி.ஆர். என்னும் பழைய அட்டவணை முறையை விடுத்து ஜி.பி.டி. முறையில் அதைப் பிரிக்க வேண்டும். இல்லையேல் மிகுந்த இடம் பயன்படாமல் நின்றுவிடும். 1 டெராபைட் என்று விற்கப்பட்டது விண்டோஸ் திரையில் 931 ஜிகாபைட் எனத் தோன்றுவதைக் கண்டு கடைக்காரரை ஐயுற வேண்டியதில்லை. ஆலையில் ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸில் 1,024 ஆகவும் எண்ணுவதால் வரும் வேறுபாடே அது. கணித ஆசிரியர்களுக்கு நல்லதொரு வகுப்புக் கணக்கு.

மதர்போர்டுடன் வரும் சிறு நூலைப் படிப்பவர் அரியர். பல மதர்போர்டுகளில், எம்.2 துளையில் ஒன்றைச் செருகியவுடன் சாட்டா முனைகளுள் ஒன்றோ இரண்டோ செயலற்றுப் போகும். புது டிஸ்க் பழுது என்று கருதித் திருப்பி அனுப்பப்படுவதற்கு இது ஒரு காரணம். இதனினும் கொடியது மின்சாரக் கேபிள் பற்றிய பிழை. கழற்றி மாட்டத்தக்க கேபிள்களையுடைய பவர் சப்ளைகளில், டிஸ்கின் பக்கமுள்ள 15 ஊசி முனை எங்கும் ஒன்றே. பவர் சப்ளையின் பக்கமுள்ள முனையோ தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். பழைய பெட்டியிலிருந்து எடுத்த கேபிள் சரியாகப் பொருந்துகிறதே என்று மாட்டினால், 5 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்து, அக்கேபிளில் தொடுத்த டிஸ்குகள் அனைத்தும் ஒரு கணத்தில் கருகக்கூடும். கேபிள் வாங்குவதில் காட்டும் சிக்கனம் தவறான சிக்கனமாகும்.

மூன்று, நான்கு டிஸ்குகள் சேர்ந்தவுடன், அவற்றை ரெய்டு முறையில் பிணைக்கும் ஆசை பலருக்கு எழுகிறது. மலிவான பல டிஸ்குகளைச் சேர்த்து ஒரு பெரிய டிஸ்கைப் போல இயக்கலாம் என்ற கருத்தை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் வெளியான கட்டுரையில் ரெய்டு என்ற பெயரால் விளக்கினர். ஒரு டிஸ்க் வீழ்ந்தாலும் வேலை தடையின்றி நடைபெற வேண்டிய இடங்களுக்கு அது பெரும் உதவி. வீட்டு மேசைக்கோ, அதன் எளிய வகையாகிய ரெய்டு 0 தீங்கையே தருகிறது. அதில் ஒவ்வொரு கோப்பும் துண்டுகளாகி எல்லா டிஸ்குகளிலும் பரவுவதால், ஒன்று கெட்டால் அனைத்தும் கெடும். ஒரு டிஸ்க் ஓராண்டில் கெடும் வாய்ப்பு 100க்கு 3 என்று வைத்துக்கொண்டால், இரண்டைப் பிணைத்த தொகுதிக்கு அது ஏறக்குறைய 6 ஆகிவிடுகிறது.

ரெய்டு 1 இவ்வாறன்று. இரு டிஸ்குகளிலும் ஒன்றையே எழுதும் கண்ணாடி முறை அது. ஆயினும், கண்ணாடி எதையும் மறுப்பதில்லை. பணியாளர் தவறாக ஒரு கோப்பை அழித்தால், இரண்டிலும் அது அழிகிறது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற நச்சு நிரல் கோப்புகளைப் பூட்டினால், இரண்டிலும் பூட்டப்படுகின்றன. இடி மின்னலால் மின்சாரம் எகிறும்போது இரண்டும் ஒரே பவர் சப்ளையில் தொங்குகின்றன. திருடன் பெட்டியைத் தூக்கினால் இரண்டும் உடன் செல்கின்றன. தேர்வுப் பட்டியல் அச்சாகும் நாளில் அரைமணி நேரம்கூட நிற்கக் கூடாத அலுவலகம் கண்ணாடி முறையை வைத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. அதைப் பிரதி என்று எண்ணுவதில்தான் நியாயமில்லை.

கார்பன் தாள் வைத்து எழுதிய நாட்களில் இது யாவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு படி களத்தில் தங்கும். மற்றொன்று தலைமை அலுவலகத்துக்குச் செல்லும். இரு படிகளையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே பெட்டியில் எவரும் பூட்டியதில்லை.

எனவே, இரண்டு டிஸ்குகளுக்கு மட்டுமே பணமுள்ளவர் இரண்டாவதைப் பெட்டிக்குள் பொருத்தாமல், யு.எஸ்.பி. உறையில் இட்டு, வாரம் ஒருமுறை பிரதி எடுத்து, வேறொரு கட்டடத்தில் வைப்பதே முறை. பிரதி எடுத்தவுடன் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். இணைந்தே கிடக்கும் டிஸ்க் உள்ளே இருப்பதற்கு ஒப்பானதே. இவ்வேலைக்கு எஸ்.எஸ்.டி.யைவிட ஹார்டு டிஸ்க் ஏற்றது. எழுதும் ஆயுள் தீர்ந்த எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டுக்காவது பதிவைக் காக்க வேண்டும் என்பதே வீட்டு வகைக்கு ஜெடெக் அமைப்பு வகுத்த அளவு. புதியதில் அது நெடிது நிற்குமாயினும், வெப்பம் ஏற ஏறக் குறையும்; கோடையில் மூடிய பீரோவின் வெப்பமோ 30 டிகிரியைத் தாண்டுவது இந்நாட்டில் பெரும்பகுதியில் இயல்பு.

கணிப்பொறி பூட்டுவதைக் கற்பிக்கும் பள்ளிகளில் இணைப்பதே பாடமாக உள்ளது. மீட்பதும் பாடமாக வேண்டும். மாணவர்கள் இரு டிஸ்குகளையும் பொருத்தி, சில பதிவுகளை எழுதி, வெளி டிஸ்கில் பிரதி எடுத்து முடித்தபின், ஆசிரியர் உள்ளிருக்கும் ஒரு டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, அப்பதிவுகளை வேறு இயந்திரத்தில் திறந்து காட்டுமாறு கேட்கலாம். ஒரு வகுப்பு நேரத்துக்குள் அடங்கும் சோதனை இது. கழற்றுமுன் இயந்திரத்தை அணைத்து, சுவரிலுள்ள சுவிட்சையும் நிறுத்திவிட வேண்டும்.