கையளவு சமுத்திரம்

கடற் பிராணிகளை வீட்டிலேயே கண்ணாடித் தொட்டியில் வளர்க்க ஆசைப்படும் நேயர்கள் பலர். "பெரிய தொட்டிக்கு இடம் ஏது? 10 லிட்டர் பிடிக்கும் சிறு தொட்டியாயிருந்தால் வேலையும் குறைவுதானே?" என்பது அவர்கள் போடும் கணக்கு. நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் கணக்குப் போட்டோம். அது தப்புக் கணக்கு என்பதை இரண்டு இறால்கள் தங்கள் உயிரைக் கொடுத்து நமக்குக் கற்பித்தன.

நடந்தது இதுதான். கோடைக்காலத்தில் தொட்டியின் ஜலம் நாள்தோறும் சிறிது வற்றி வந்தது. கடற் பிராணிகளுக்கு உப்பு ஜலமே உகந்தது என்ற நல்லெண்ணத்துடன், குறைந்ததற்கெல்லாம் உப்பு ஜலத்தையே விட்டு நிரப்பினோம். ஆவியாகிப் போவது ஜலம் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது என்ற பால பாடத்தை மறந்தோம்!

சமுத்திர ஜலத்தில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. 100 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் வற்றினால் அது 35.4 ஆகும், பிராணிகள் அதை அறியவும் மாட்டா. 10 லிட்டர் தொட்டியில் அதே ஒரு லிட்டர் வற்றினாலோ, ஏறக்குறைய 39-ஐ எட்டிவிடும். தனவந்தன் ஒரு ரூபாயைத் தொலைப்பதற்கும் கூலிக்காரன் தொலைப்பதற்கும் உள்ள வித்தியாசமே இது. ஆகவே, கண்ணாடியில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு, தினமும் காலையில் அக்கோடு வரையில் உப்பில்லாத சுத்த ஜலத்தை விட வேண்டும். குளோரின் கலந்த குழாய் ஜலம் உதவாது.

மற்றோர் அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. பிராணிகளின் கழிவும், மிஞ்சிய இரையும் அம்மோனியா என்னும் விஷமாகின்றன. கல்லிலும் மணலிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை போதிய அளவு பெருகுவதற்கு ஒரு மாதத்துக்கு மேலும் பிடிக்கலாம். அதற்குள் பிராணிகளை விடுவது, அடுப்பு மூட்டுமுன் விருந்தினரைப் பந்தியில் உட்கார வைப்பது போலாகும். சேரும் நைட்ரேட்டைக் குறைக்க, வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு ஜலத்தை எடுத்துவிட்டு, அதே உப்பும் அதே உஷ்ணமும் உள்ள புது ஜலத்தைச் சேர்க்க வேண்டும். வற்றியதற்கு நல்ல ஜலம், வெளியே எடுத்ததற்கு உப்பு ஜலம்: இவ்வளவே சூத்திரம். இரையிலும் சிக்கனம் வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சல்லவா?

1846-ஆம் வருஷத்தில் ஆன்னா தின் என்ற ஆங்கில மாது, டார்க்வே கடற்கரையிலிருந்து பவள ஜாதிப் பிராணிகளை லண்டனில் உள்ள தம் இல்லத்துக்குக் கொண்டு சென்றார். கடலோ தொலைவில், காற்றுச் செலுத்தும் யந்திரமோ கிடையாது. திறந்த ஜன்னலருகே ஜலத்தைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றச் செய்து, காற்றைக் கலக்கவைத்து அவற்றைக் காப்பாற்றினார். இன்று அந்த வேலைக்கு யந்திரம் வந்துவிட்டது. அந்தச் சிரத்தையைத் தரும் யந்திரம் மட்டும் வரவில்லை.

கடலில் ஜலம் கெட்டால் மீன் வேறிடம் தேடி நீந்தலாம். தொட்டியில் உள்ள மீனுக்கு நம்மைத் தவிர வேறு கதியில்லை. தினம் ஐந்து நிமிஷம் தவறாமல் தர இயலாதவர்கள் இந்தக் கையளவு சமுத்திரத்தை வாங்காதிருப்பதே ஜீவகாருண்யமாகும்.