ஒரே ரத்த வகை என்றால் வரனைத் தட்டிவிடுவதா?

பெல் ஆலைக் குடியிருப்பான கைலாசபுரத்தில் இப்போது ஜாதக ஜெராக்ஸில் ராசி, நட்சத்திரத்துக்குக் கீழே பேனாவால் ஒரு வரி கூடுதலாக எழுதித் தருகிறார்கள்: ‘ஓ பாசிட்டிவ்’. பொருத்தமெல்லாம் கூடிவந்த வரன், பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதே ‘ஓ பாசிட்டிவ்’ என்றதும் நின்றுபோகிறது. “ஒரே ரத்தம் சேரக்கூடாதாமே, குழந்தை ஊனமாப் பொறக்குமாமே” என்கிறார்கள். ஆலையில் பாய்லர் வடிவமைக்கும் பொறியாளர்களின் வீடுகளிலும் இதே பேச்சுதான். முழுப் பொய் இது. இதனால் நல்ல சம்பந்தங்கள் முறிவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஏ, பி என்பவை சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துணுக்குகளின் வேறுபாடு. இரண்டும் இல்லாவிட்டால் ஓ. மருத்துவர் கார்ல் லான்ட்ஸ்டைனர் 1901-ல் வியன்னாவில் இந்த ரத்த வகைகளை விளக்கினார். ரத்தம் ஏற்றும்போது இது உயிர் காக்கும் விஷயம். கருத்தரிப்பில் அப்பா ரத்தமும் அம்மா ரத்தமும் கலப்பதே இல்லை. ஆளுக்கொரு மரபணுப் பிரதி மட்டுமே பிள்ளைக்குப் போகிறது. தாய் ஓ, குழந்தை ஏ அல்லது பி என்றால் பிறந்த குழந்தைக்குச் சில சமயம் மஞ்சள் காமாலை வரும். பெற்றோர் இருவருக்கும் ஒரே வகை என்றால் அந்தச் சிக்கலுக்குக்கூட வழியில்லை. எதற்குப் பயப்படுகிறார்களோ அதுதான் இந்த விஷயத்தில் பத்திரமான ஜோடி!

பத்துப் பேரில் நாலு பேருக்கு ஓ என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஜோடி சேர்த்தாலே ஆறில் ஒரு தம்பதிக்கு இருவருமே ஓ. நிக்கோபார் தீவினரில் பெரும்பாலோர் ஓ. தென் அமெரிக்கப் பழங்குடிகளில் ஏறக்குறைய எல்லோருமே ஓ. சிறு கூட்டமாகப் போய்க் குடியேறிய முன்னோரின் வகையே தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. ஒரே வகை கேடு என்றால் அந்த மக்கள் எப்போதோ அற்றுப்போயிருக்க வேண்டும்.

ரத்த வகைக்காக வரனைத் தள்ளுகிற அதே வீட்டில், அக்கா மகளைத் தம்பிக்குக் கட்டிவைக்க யாரும் யோசிப்பதில்லை. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவில் சராசரியாகக் கால்பங்கு பொது. மறைந்து கிடக்கும் ஒரு கோளாறு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அங்கேதான் கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் உறவில் மணந்தவர்கள். 1952-ல் டாக்டர் பெண்டே குழுவினர் கண்டறிந்த பம்பாய் ரத்த வகையும் இப்படித்தான் வெளிப்படுகிறது: தாயும் தந்தையும் தெரியாமல் சுமக்கும் மரபணு, பிள்ளையிடம் இரண்டாகச் சேரும்போது. சாதாரணச் சோதனையில் அது ஓ போலவே தெரியும். ஆனால் அவர்களுக்கு ஓ ரத்தம் ஏற்றினால் ஆபத்து. ஜாதகத்தில் எழுதிய ‘ஓ’ இதையெல்லாம் சொல்லாது.

ஒரே வகை பற்றிய பயத்தின் விதை அனேகமாக ஆர்ஹெச், அதாவது பாசிட்டிவ்-நெகட்டிவ் விவகாரம். அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ் என்றால் இரண்டாவது கர்ப்பத்தில் தொல்லை வரலாம். அதற்கும் 1968 முதலே ஆன்டி-டி ஊசி இருக்கிறது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்குப் போட வேண்டும். கல்யாணத்தை நிறுத்த அதுவும் காரணமாகாது.

மணத்துக்கு முன் பார்க்க வேண்டிய சோதனை வேறு. சைப்ரஸ் தீவில் ஏழு பேரில் ஒருவர் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமக்கிறார். அங்கே திருச்சபையே மணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று கேட்டது. நோயோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய இல்லாமலே போனார்கள்.

பெண்ணைப் பெற்றவர்களே, பிள்ளையைப் பெற்றவர்களே, ஜெராக்ஸில் அந்த வரியை அடித்துவிடுங்கள். கேட்பதானால், “நெருங்கிய சொந்தமா?” என்று கேளுங்கள், இருவருக்கும் தலசீமியா பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஓவும் ஓவும் தாராளமாகக் கல்யாணம் செய்துகொள்ளலாம்.