சாரப்பருப்பும் உப்பும்

பாயசத்திலும் இனிப்புகளிலும் தூவப்பட்டிருக்கும் சிறிய, உருண்டையான பருப்பு ஒன்றை நீங்கள் பார்த்திருக்கலாம். தமிழில் அதற்குச் சாரப்பருப்பு என்று பெயர். வட இந்தியக் கடைகளில் ‘சிரோஞ்சி’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இதன் பெரும்பகுதி தோட்டங்களில் விளைவதன்று. மத்திய இந்தியக் காடுகளில் தானாக வளரும் மரங்களிலிருந்து சேகரிக்கப்படுவது. கடையில் இதன் விலை மிக உயர்வு. ஆனால், கொளுத்தும் வெயிலில் காட்டுக்குள் நடந்து இதனைச் சேகரித்தவருக்குக் கிடைப்பது என்ன? இக்கேள்விக்கு நேர்மையான விடை வேண்டுமானால், சேகரிப்பவர்கள் கூட்டுறவாக ஒன்றுசேர வேண்டும் என்பதே என் கருத்து.

காடு தரும் உணவு

சத்தீஸ்கர் மாநிலத்தின் தென்பகுதியில் உள்ளது பஸ்தர் என்னும் காட்டுநிலம். கோண்டு முதலிய பழங்குடி மக்கள் அங்கு வாழ்கின்றனர். மழையை நம்பிய வேளாண்மை ஆண்டில் சில மாதங்களுக்கே அவர்களுக்கு உணவளிக்கும். மற்ற நாள்களில் காடே கைகொடுக்கும். வேனில் தொடங்கும்போது இலுப்பைப்பூ உதிரும். ‘ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்று நாம் சொல்கிறோமே, அந்த இலுப்பைதான் அங்கு ‘மஹுவா’ எனப்படுகிறது. அதனைத் தொடர்ந்து புளியும் சாரப்பழமும் கிடைக்கும். தேனும் கிழங்குகளும் காளான்களும் அவ்வப்போது கிடைக்கும்.

காடு இத்தனையும் தந்தது. உப்பை மட்டும் தரவில்லை. கடலோ நெடுந்தொலைவில் இருந்தது. வணிகர்கள் உப்பு மூட்டைகளுடன் வாரச்சந்தைக்கு வந்தார்கள். விலை உயர்ந்த சாரவிதையைப் பெற்றுக்கொண்டு, விலை மலிந்த உப்பை அளந்து கொடுத்தார்கள். இப்பண்டமாற்று அங்கு நெடுங்காலம் நடந்தது.

தனித்து நிற்பதன் தீங்கு

இதனை வணிகரின் ஏமாற்று என்று மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது. ஏமாற்றுவதற்கு இடம் ஏன் கிடைத்தது என்றும் எண்ண வேண்டும். சேகரித்தவர் சந்தைக்குத் தனியாக வந்தார். நகரத்து விலையை அவர் அறியார். தலைச்சுமையாகக் கொண்டுவந்ததை அன்றே விற்றாக வேண்டும். மேலும், மழைக்காலத்திலும் நோய் வந்த வேளையிலும் அவருக்குக் கடன் கொடுத்தவரும் அதே வணிகரே. கடன்பட்டவர் எப்படி விலை பேச முடியும்?

தனித்து நிற்பதால் காட்டுக்கும் தீங்கு உண்டு. சாரப்பழம் கோடையில் கறுத்துப் பழுக்கும். பழுத்த பின் பறித்தால் பருப்பு நன்கு முற்றியிருக்கும். தரையில் உதிரும் சில பழங்களிலிருந்து புதிய கன்றுகளும் முளைக்கும். ஆனால், ‘நாம் இன்று பறிக்காவிட்டால் நாளை மற்றவர் பறித்துவிடுவார்’ என்னும் அச்சத்தால் காயாகவே பறித்துவிடுகின்றனர். சில இடங்களில் கிளைகளையே வெட்டிச் சாய்க்கின்றனர். இதனால் பருப்பின் தரமும் குறைகிறது, மரங்களும் குறைகின்றன. இது பேராசையின் விளைவன்று. பொதுவான விதி இல்லாததன் விளைவு.

கூட்டுறவு என்ன செய்யும்?

ஓர் ஊரில் சேகரிப்போர் அனைவரும் உறுப்பினராகச் சேர்ந்து கூட்டுறவு ஒன்றைத் தொடங்குவதாகக் கொள்வோம். அவர்கள் முதலில் கூடிப் பேச வேண்டியது விலையைப் பற்றியன்று. பறிக்கும் நாளைப் பற்றியே. இன்ன நாளுக்கு முன் எவரும் பறிக்கலாகாது, கிளையை வெட்டலாகாது, மரத்துக்குச் சிறிது பழத்தை விட்டுவைக்க வேண்டும் என்று ஊரே முடிவு செய்தால் அச்சத்துக்கு இடமில்லை.

அடுத்தது, விதையை உடைத்துப் பருப்பெடுப்பது. விதையாக விற்றால் வருவாய் குறைவு. பருப்பாக விற்றால் வருவாய் மிகுதி. ஓடு உடைக்கும் பொறியை வாங்குவது ஒரு குடும்பத்துக்கு அரிது. நூறு குடும்பங்களுக்கு எளிது. உலர்த்தவும் சேமிக்கவும் ஒரு கிடங்கு இருந்தால், நல்ல விலை வரும்வரை காத்திருக்கவும் இயலும்.

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1927 ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் காட்டுப் பொருள்களைச் சேகரிப்பதில் பல கட்டுப்பாடுகளை விதித்தது. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, மரபாகச் சேகரித்துவரும் சிறு வனப் பொருள்களின்மீது காட்டில் வாழும் மக்களுக்கு உடைமை உரிமையை வழங்கியது. அப்பொருள்களைக் கூட்டுறவு அமைப்புகளின் வழியாக விற்கவும் அதன் விதிகள் இடமளிக்கின்றன.

இது நடவாத கனவன்று. நம் நீலகிரியிலேயே இதற்குச் சான்று உண்டு. கோத்தகிரியில் 2013 ஆம் ஆண்டு ‘ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்’ தொடங்கப்பட்டது. இருளர், குறும்பர் முதலிய மக்களே அதன் பங்குதாரர்கள். அவர்கள் சேகரிக்கும் தேன் முதலிய காட்டுப் பொருள்களும், விளைவிக்கும் பொருள்களும் அதன் வழியாக விற்பனையாகின்றன. சட்டப்படி அது நிறுவனம் எனினும், உற்பத்தி செய்பவரே உரிமையாளர் என்னும் கூட்டுறவு நெறியே அதன் அடிப்படை.

மறுப்பும் விடையும்

‘சிறு வனப் பொருள்களுக்கு அரசு குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவிக்கிறதே, அது போதாதா?’ என்று சிலர் கேட்பர். ஆதரவு விலை தேவையே. ஆயினும், அவ்விலைக்கு வாங்குபவர் உரிய நாளில் ஊருக்கு வராவிட்டால் அறிவிப்பால் பயன் இல்லை. எப்போது பறிப்பது என்பதையும் அது முடிவு செய்யாது.

‘கூட்டுறவுகள் பல தோற்றுப்போயினவே’ என்று வேறு சிலர் சொல்வர். உண்மைதான். பெயரளவில் உறுப்பினர்களைச் சேர்த்துவிட்டு, அலுவலர்களே எல்லாவற்றையும் நடத்தும் சங்கம் மற்றுமொரு கடையாகவே முடியும். பொருளை இன்று வாங்கிப் பணத்தைப் பல மாதங்கள் கழித்துத் தருமாயின், மக்கள் கைப்பணம் தரும் வணிகரிடமே திரும்பிச் செல்வர். ஆகவே, அன்றைய பொருளுக்கு அன்றே பணம் தருதல், அவசரத்துக்குக் கடன் உதவுதல், உறுப்பினர்களுக்குப் புரியும் மொழியில் கணக்கைப் படித்துக் காட்டுதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. முடிவெடுக்கும் கூட்டத்தில், பொருளைச் சேகரிக்கும் பெண்களும் அமர்ந்திருக்க வேண்டும்.

கூட்டுறவு என்பது பொருளை விற்கும் இடம் மட்டுமன்று. தம் உழைப்பின் விலையையும் தம் காட்டின் நாளையையும் மக்கள் தாமே முடிவு செய்யும் இடம். நீங்கள் வாழும் நகரத்தின் கடைத்தெருவில் சிரோஞ்சியைக் காணும்போது அதன் விலையை மட்டும் பார்த்து நகர்ந்துவிடாதீர்கள். அந்த விலையில் எவ்வளவு அதனைச் சேகரித்தவருக்குப் போய்ச் சேரும் என்றும் கேளுங்கள். உப்புக்குப் பருப்பை ஈடாகக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் தம் பொருளுக்குத் தாமே விலை சொல்ல வேண்டும். அதற்குக் கூட்டுறவே உரிய வழி.