பெரிய வாடிக்கையாளர் முகம் கறுத்தால்...

ஒரு பால்காரக் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கறக்கும் பால் முழுவதையும் கடைத்தெருவிலுள்ள ஒரே உணவு விடுதி வாங்கிக்கொள்கிறது. வீடு வீடாகச் சென்று ஊற்றும் தொல்லையில்லை. மாதம் பிறந்தால் பணம் கைக்கு வந்துவிடும். ஒரு நாள் ஏதோ ஒரு சொல்லுக்காக விடுதிக்காரர் முகம் கறுத்து, "நாளை முதல் உம்முடைய பால் வேண்டாம்" என்கிறார். வசதியோடு ஒரு கால்கட்டும் சேர்ந்தே வந்திருந்தது என்பது அன்றுதான் அக்குடும்பத்திற்குப் புரிகிறது.

நாடுகளுக்கும் இந்நிலை நேர்வதுண்டு. ஆஸ்திரேலியாவுக்கு 2020-ஆம் ஆண்டில் நேர்ந்தது. அந்நாடு வெளியே அனுப்பும் சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சீனாவே வாங்கிவந்தது. கரோனா நோய் எவ்வாறு தோன்றியது என்பதைப் பற்றி நடுநிலையான விசாரணை வேண்டுமென்று அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் ஆஸ்திரேலிய அரசு கேட்டது. சீனா சினங்கொண்டது. ஆஸ்திரேலியத் திராட்சை மதுவையும் மாட்டிறைச்சியையும் இனி ஏன் வாங்கவேண்டும் என்று தம் மக்கள் எண்ணக்கூடும் எனச் சீனத் தூதரே வெளிப்படையாகக் கூறினார். அடுத்த திங்களிலேயே பார்லித் தானியத்தின்மீது 80.5 சதவீத வரி விழுந்தது. பின்னர்த் திராட்சை மதுவின்மீது 218 சதவீதம் வரை வரி ஏறியது. நிலக்கரியும் சிங்கி இறாலும் வரி எதுவுமின்றியே தடைபட்டன.

இப்பிணக்கின் வெப்பம் நம் நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றையும் சுட்டது. ஆஸ்திரேலிய நிலக்கரியை ஏற்றிச் சென்ற 'ஜக் ஆனந்த்' என்னும் இந்தியக் கப்பல், 2020 ஜூன் முதல் சீனாவின் ஜிங்டாங் துறைமுகத்திற்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்துக்கிடந்தது. சரக்கை இறக்கவும் வழியில்லை. மாலுமிகளை மாற்றவும் வழியில்லை. நோய்த்தடுப்பு விதிகளைச் சீனா காரணமாகக் காட்டியது. 2021 ஜனவரியில் கப்பல் ஜப்பானுக்குத் திரும்பிய பிறகே அதிலிருந்த 23 இந்திய மாலுமிகளும் தத்தம் வீடு வந்து சேர்ந்தனர்.

ஆஸ்திரேலியா என்ன செய்தது? கேட்ட கேள்வியைத் திரும்பப் பெறவில்லை. அதே வேளையில், சீனச் சரக்குகள்மீது பழிவாங்கும் வரியும் விதிக்கவில்லை. சுங்கவரியை முதலில் செலுத்துகிறவர் உள்நாட்டு இறக்குமதி வணிகரே. அச்சுமையில் பெரும்பகுதி பின்னர் உள்நாட்டு மக்கள் தலையில் இறங்கும். அண்டை வீட்டாரைத் தண்டிப்பதற்காக நம் அடுப்பை நாமே அணைப்பது அறிவுடைமை ஆகாது அன்றோ!

அதற்கு மாறாக உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது: பார்லிக்காக 2020 டிசம்பரில், மதுவுக்காக 2021 ஜூனில். கூடவே வேறு சந்தைகளையும் தேடியது. பார்லி சவூதி அரேபியாவுக்கும் மெக்சிகோவுக்கும் சென்றது. நிலக்கரி இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் சென்றது. இந்தியாவுடன் செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. இரும்புத் தாதுவைச் சீனா தொடவேயில்லை. தன் உருக்காலைகளுக்கு அது இன்றியமையாதது என்பதை அது அறிந்திருந்தது. வாங்குபவருக்கும் தேவை உண்டு என்பதை விற்பவர் மறக்கலாகாது.

2022 மே திங்களில் ஆஸ்திரேலியாவில் ஆட்சி மாறியது. நின்றுபோன பேச்சு மீண்டும் தொடங்கிற்று. பார்லி வரியைச் சீனா 2023 ஆகஸ்டிலும், மது வரியை 2024 மார்ச் இறுதியிலும் நீக்கியது. பொறுமை வென்றது என்று மகிழலாம். ஆயினும் அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் நாம் கேட்கவேண்டும்.

பார்லி விதைத்தவர் அடுத்த பருவத்தில் கோதுமையோ கனோலாவோ விதைக்கலாம். திராட்சை பயிரிட்டவர் என் செய்வார்? கொடி நட்டுப் பலன் காணப் பல ஆண்டுகள் ஆகும். உலக அளவில் திராட்சை மது நுகர்வும் குறைந்துவந்த நேரம் அது. தென் ஆஸ்திரேலியாவின் ரிவர்லாண்ட் பகுதியில் சிவப்புத் திராட்சை வாங்குவாரின்றித் தேங்கியது. பலர் தாம் நட்டு வளர்த்த கொடிகளைத் தம் கையாலேயே பிடுங்கி எறிய நேர்ந்தது. வரி நீங்கிய பின்னும் அந்தக் கொடிகள் திரும்பி வரவில்லை.

நாட்டின் தன்மானம் எல்லோருக்கும் பொது. ஆகவே அதைக் காக்கும் செலவும் பொதுவாதல் வேண்டும். ஒரு பிள்ளையின் பட்டினியால் குடும்ப கௌரவத்தைக் காப்பதை எந்த வீட்டிலும் நாம் நியாயம் என்று ஒப்பமாட்டோம். மிரட்டலுக்கு அஞ்சாத நாடு, அந்த அஞ்சாமையால் அடிபடும் எளியவரைத் தாங்குவதற்கும் முன்கூட்டியே வழி செய்திருக்க வேண்டும்.

வரி நீங்கிய சில திங்களிலேயே ஆஸ்திரேலிய மது மீண்டும் சீனாவுக்குத் திரண்டு சென்றது. பழைய வாடிக்கையாளரே மறுபடியும் முதலிடம் பெற்றார். இது இயல்புதான், நல்ல விலை கொடுப்பவரை யார் வேண்டாம் என்பார்? ஆனால் நம் பால்காரக் குடும்பம், விடுதிக்காரர் முகம் மலர்ந்து மீண்டும் அழைக்கும்போது, இடையில் பால் வாங்கி உதவிய நான்கு வீடுகளை மறந்துவிடலாமா? சிந்திப்போம்.