கொழும்புக் குரல் மட்டும் போதாது

கல்குடாவில் காலையில் வானொலியைத் திருப்பினால், பொரளைச் சந்தியில் வாகன நெரிசல் என்கிறார் அறிவிப்பாளர். வாழைச்சேனைத் துறைமுகத்தில் படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பவருக்கு அதனால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது கடல்நிலை. அதுவும் வரத்தான் செய்கிறது: காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பு என்று, வடக்கும் கிழக்கும் ஒரே மூச்சில்! 1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 கடற்கோளையும் கண்ட ஊருக்குத் தனக்கென்று ஒரு வானொலி இல்லை.

தொண்ணூறுகளில் தனியார் எப்.எம். நிலையங்கள் வந்தபோது நேயர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. சக்தியும் சூரியனும் 1998 இல் ஒலிக்கத் தொடங்கின. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையும் தென்றலாகிப் புது நடைக்கு மாறியது. கடிதம் எழுதிக் காத்திருந்த நேயர், தொலைபேசியில் அறிவிப்பாளரோடு நேரடியாகப் பேசலானார். ஆனால் நிலையம் கைமாறினாலோ, செய்தியைக் குறைத்துப் பாட்டைக் கூட்டினாலோ அந்த நேயரிடம் எவரும் கேட்பதில்லை. அவர் அறிவது, பழகிய குரல் ஒரு நாள் காணாமற்போனபிறகுதான்.

உரிமையாளர் மட்டுமல்ல, அரசாங்கமும் அப்படித்தான். 2007 ஒக்டோபரில் பொய்ச் செய்தி ஒலிபரப்பியதாகக் கூறி, சூரியன் உட்பட ஒரே நிறுவனத்தின் ஐந்து வானொலிகளின் அனுமதியை அரசு இரத்துச் செய்தது. பின்னர் சூரியன் மீண்டும் ஒலித்தது. செய்தி தவறென்றால் திருத்தமும் தண்டமும் கேட்கலாம். ஐந்து நிலையங்களையும் வாயடைத்தது தண்டனையல்ல, மிரட்டல். கொடுப்பதும் பறிப்பதும் ஓர் அமைச்சரின் கையில் இருக்கும்வரை இது எந்த ஆட்சியிலும் நடக்கும்.

இத்தனைக்கும் உயர் நீதிமன்றம் 1997 இலேயே வழிகாட்டிவிட்டது. ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த நீதியரசர்கள், அலைவரிசைகள் எண்ணிக்கையில் மட்டுப்பட்ட பொதுச் சொத்து என்றும், அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசாங்கத்தின் கைக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும் என்றும் கூறினர். அந்தச் சட்டமூலம் அத்தோடு கைவிடப்பட்டது. அவர்கள் சொன்ன சுயாதீன அமைப்போ இன்னும் பிறக்கவில்லை. 1966 ஆம் ஆண்டின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தை வைத்தே காலம் தள்ளுகிறோம்.

சமூக வானொலி எங்களுக்குப் புதிதல்ல. மகாவலிக் குடியேற்றங்களுக்காக 1981 இல் தொடங்கிய முயற்சியில் தயாரிப்பாளர்கள் கிராமங்களிலேயே தங்கி ஒலிப்பதிவு செய்தார்கள். 1989 இல் கொத்மலை வானொலி வந்தது. பத்தாண்டுகள் கழித்து அங்கே இணைய வசதி கிடைத்தபோது, கிராமத்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பில் சொன்னார்கள். யுனெஸ்கோவே மெச்சிய ஏற்பாடு அது. ஆனால் அனுமதி கூட்டுத்தாபனத்தின் பெயரில். கடைசிச் சொல் கொழும்பின் சொல்.

கடலுக்கு அப்பால் பாம்பனைப் பாருங்கள். அங்கே 2016 இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ மீனவர்களுக்கான சமூக வானொலி. காற்றையும் அலையையும் கடற்கரைப் பேச்சிலேயே சொல்கிறது. இந்தியா 2006 இல் தொண்டு நிறுவனங்களுக்கும் இந்த அனுமதியைத் திறந்துவிட்டதால் அது கைகூடிற்று. இங்கே சமூக வானொலி என்றொரு அனுமதி வகையே கிடையாது.

சின்ன ஊரில் விளம்பரம் கிடைக்காது, அரசியல்வாதி கைப்பற்றிவிடுவார் என்பார்கள். இரண்டும் நியாயமான அச்சங்களே. எனவேதான் இங்கு அமையும் சமூக வானொலியின் நிர்வாக சபையில் வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் கரைவலைக்காரரும் சமமாக அமர வேண்டும் என்கிறோம். தமிழர், முஸ்லிம் என்று இனத்துக்கு ஒன்றாக நிலையம் பிரிப்பது பிணக்கைத்தான் வளர்க்கும்.

தனியார் நிலையம் கைமாறுமுன் பகிரங்க அறிவித்தலும் நேயர்களின் ஆட்சேபனைக்கு அவகாசமும் கட்டாயமாகட்டும். மாவட்டந்தோறும் ஓர் அலைவரிசையைச் சமூக வானொலிக்கென்று ஒதுக்கட்டும். கட்டணத்தையும் அதற்கேற்ப வைக்க வேண்டும். கொழும்புக் கம்பனி கட்டும் அதே தொகையைக் கல்குடாவிடமும் கேட்டால் எந்த மீனவர் சங்கமும் விண்ணப்பப் படிவத்தைக்கூட வாங்காது.