மருந்தடிப்பவரின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

எந்தப் பூச்சிக்கு எந்த மருந்தை எத்தனை மில்லி கலப்பது என்பதை விவசாயப் பெருமக்கள் நன்கு அறிவர். அதே மருந்து, தெளிப்பானைச் சுமக்கும் ஆளை என்ன செய்யும் என்று எண்ணிப் பார்ப்போர் குறைவு. சொந்தக்காரருக்கு வயலாக இருப்பது, கூலிக்கு வருபவருக்குத் தொழிற்கூடம். ஆலைத் தொழிலாளியின் பாதுகாப்புக்கு ஆலை முதலாளி பொறுப்பென்றால், மருந்தடிப்பவரின் பாதுகாப்புக்கு அவரை வேலைக்கு அழைத்தவரே பொறுப்பு.

2017-ஆம் ஆண்டில் மராட்டிய மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். செடிகள் ஆள் உயரம் வளர்ந்திருந்ததால் மருந்து முகத்திலும் மார்பிலும் படிந்தது. அதே ஆண்டில் நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் உயிரிழந்தனர். மோனோகுரோட்டோபாஸ் 36 சத மருந்துக்கு 2023-இல் மத்திய அரசு தடை விதித்தது. ஆயினும் நஞ்சுள்ள வேறு மருந்துகள் கடைகளில் இருக்கவே செய்கின்றன.

இத்தகைய சாவுகளுக்குக் கூலியாளின் கவனக்குறைவே காரணம் என்று சொல்லிவிடுவது வழக்கம். இது நியாயமன்று. பல ஊர்களில் கூலி டேங்குக் கணக்கில் பேசப்படுகிறது. அதிக டேங்க் அடித்தால்தான் நாலு காசு பார்க்கலாம் என்னும்போது, உச்சி வெயிலானாலும் அவர் ஓயமாட்டார். கை கழுவவும் நேரம் ஒதுக்கமாட்டார். ஒழுகும் தெளிப்பானைக் கொடுத்து அனுப்பியவரும் அவரில்லை.

பாஸ்பரஸ் வகை மருந்துகள் வாய் வழியாக மட்டுமின்றி, தோல் வழியாகவும் உடலில் சேர்ந்து நரம்புகளைத் தாக்கும். எனவே வேலைக்கு அழைப்பவர் கீழ்க்கண்டவற்றைச் செய்து தருதல் வேண்டும். முதல் நாளே தெளிப்பானில் வெறும் தண்ணீர் ஊற்றி அடித்துப் பார்த்து, தேய்ந்த வாஷரை மாற்ற வேண்டும். மருந்து கலக்கும்போதுதான் ஆபத்து மிகுதி. ஆகவே ரப்பர் கையுறையும், கலக்க நீண்ட குச்சியும் தேவை. நாசில் அடைத்தால் வாயால் ஊதலாகாது; மாற்று நாசில் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். முழுக்கைச் சட்டையும் முகத்துணியும் அணிந்து, காற்று வீசும் திசையிலேயே மருந்து விலகிப் போகுமாறு, காலையிலோ மாலையிலோ அடிக்க வேண்டும். வயலோரம் சோப்பும் நல்ல தண்ணீரும் வைத்திருப்பது அவசியம். சிறுவர்களையும் கர்ப்பிணிகளையும் தண்ணீர் எடுத்துத் தரும் வேலைக்குக்கூட அழைக்கலாகாது. கூலியை டேங்குக் கணக்கில் பேசாமல் அரை நாள் கணக்கில் பேசுவதே நல்லது.

இருக்கும் கடனில் இதற்கெல்லாம் எங்கே போவது என்று சிறு விவசாயி கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பெரும்பாலும் தம் வயலுக்கு அவரே மருந்தடிக்கிறார்; ஆகவே இது அவருடைய உயிரைப் பற்றியதும் ஆகும். பக்கத்து வயல்காரர் மூன்று நான்கு பேர் சேர்ந்து கையுறை, காலணி, முகக்கவசம் வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். பூச்சியின் எண்ணிக்கை சேதம் விளைவிக்கும் அளவை எட்டியபின் மட்டும் அடித்தால் ஓரிரு தெளிப்புகள் குறையும். அதில் மிச்சமாகும் பணத்தில் இச்செலவை ஈடுகட்டலாம். சிவப்பு, மஞ்சள் முக்கோணமிட்ட மருந்துகள் நஞ்சு மிகுந்தவை. நீலம் அல்லது பச்சை முக்கோணமிட்ட மருந்து பயன் தருமாயின் அதையே கேட்டு வாங்க வேண்டும்.

தலைவலி, தலைசுற்றல், மிகுந்த வியர்வை, வாயில் நீர் ஊறுதல், வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை நஞ்சேறியதன் அறிகுறிகள். இவற்றை வெயிலின் களைப்பு என்று தள்ளிவிடக் கூடாது. உடனே வேலையை நிறுத்தி, நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துப் புட்டியுடன் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நஞ்சின் வகையையும் முறிமருந்தையும் மருத்துவர் அந்தச் சீட்டிலிருந்து அறிந்துகொள்வார்.

விதை, உரம், மருந்து என்று சாகுபடிக் கணக்கு எழுதும் விவசாயி, மருந்தடிப்பவரின் பாதுகாப்புக்கும் அதில் ஒரு வரி ஒதுக்க வேண்டும். அடுத்த தெளிப்புக்கு ஆள் கூப்பிடுமுன் கையுறையும் சோப்பும் வாங்கி வைத்தால் அதுவே நல்ல தொடக்கம்.