ஃப்ளைட் டிக்கெட் இல்லாத நிருபர்கள்

போதைப்பொருள் கும்பலைத் தேடிப் போய் ஒரு வெளிநாட்டு நிருபர் எடுத்த ஆவணப்படம் வந்துட்டா போதும், நம்ம மக்களுக்குப் புல்லரிச்சுப் போயிடும். குண்டு துளைக்காத சட்டை, முகத்தை மூடின துப்பாக்கிக்காரன், நடுவுல மைக்கோட ஒரு வெள்ளைக்காரர். "என்னா தில்லுடா இந்த ஆளுக்கு"ன்னு ஆளாளுக்கு எழுதித் தள்ளுவோம்.

தில்லு தான், மறுக்கலை. டாம் பிலிப்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளர் அமேசான் காட்டுல சட்டவிரோத மீன்பிடியைப் பத்தி விசாரிக்கப் போய், 2022 ஜூன்ல கூடப் போன புருனோ பெரேராவோட சேர்த்துக் கொல்லப்பட்டார். பாஸ்போர்ட் இருந்தும் உயிர் போச்சு. ஆனா மொத்தக் கணக்கையும் எடுத்துப் பாருங்க. மெக்சிகோவுல கொல்லப்பட்ட பத்திரிகையாளர்கள்ல ரொம்பப் பெரும்பாலானவங்க அந்த மண்ணுலயே பிறந்து, அந்தத் தெருவுலயே குடியிருந்து, அந்த ஊர்ப் பேப்பர்லயே எழுதினவங்க.

ஹாவியர் வால்டெஸ் அதுல ஒருத்தர். சினலோவா கும்பலோட கோட்டையான குலியாகான் நகரத்துல 'ரியோடோசே'ங்கிற வாரப் பத்திரிகையைச் சேர்ந்து தொடங்கினவர். வெளிநாட்டு நிருபர்கள் அந்த ஊருக்கு வந்தா இவரைத் தான் தேடிப் போவாங்க. கேட்டுக்கிட்டு அவங்க ஃப்ளைட் ஏறிடுவாங்க, இவர் அங்கேயே இருப்பார். 2017 மே 15, பட்டப்பகல்ல, ஆபீசுக்குப் பக்கத்துலயே சுட்டுக் கொன்னுட்டாங்க.

நம்ம தமிழ்நாட்டுலயும் இதே கதையோட சின்ன வடிவம் ஒண்ணு இருக்கு. கடற்கரை தாது மணல் கொள்ளை பத்தி சந்தியா ரவிசங்கர் 2017ல தொடரா எழுதினாங்க, அதுக்கு அவங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த வேலையைத் தொடர 2018 நவம்பர்ல ரெண்டு பிரெஞ்சு பத்திரிகையாளர்கள் வந்தாங்க. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில இருக்குற மத்திய அரசு மணல் ஆலைக்குள்ள அனுமதி இல்லாம போனதா வழக்கு. பிரெஞ்சுக்காரங்க ஊருக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்க. போலீஸ் பிடியில மாட்டினது யார்? கூட மொழிபெயர்க்கப் போன ரெண்டு தமிழ் ஆளுங்க.

அந்த பிரெஞ்சுக்காரங்களைக் குறை சொல்ல வரலை. ஆபத்து எங்க போய் நிக்குதுன்னு மட்டும் பார்க்கச் சொல்றேன். யாருக்கு ஊரை விட்டுப் போக வழி இல்லையோ அவன் வாசல்ல தான் நிக்கும்.

இப்ப எங்க மாவட்டத்துக்கு வாங்க. புதுக்கோட்டை.

திருமயம் பக்கம் வெங்களூர்க்காரர் ஜகபர் அலி. 58 வயசு, அதிமுக, முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். அவர் நிருபர் இல்லை. ஆனா நிருபர் செய்ய வேண்டிய வேலையை அவர் தான் செஞ்சார். துளையானூர்ப் பக்கம் கல்குவாரியில அனுமதிச்ச அளவுக்கு மேல கல்லு வெட்டுறாங்கன்னு ஆதாரம் சேர்த்தார். மனு மேல மனு கொடுத்தார். கேமரா முன்னாடி நின்னு பேட்டியும் கொடுத்தார். 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. தொழுகை முடிச்சு டூவீலர்ல திரும்பி வரும்போது லாரி மோதிச் செத்துப் போனார்.

முதல்ல அது "விபத்து". அவங்க வீட்டம்மா இது கொலைன்னு புகார் கொடுத்து, ஊரே கொதிச்சதுக்கப்புறம் தான் கொலை வழக்கா மாறுச்சு. குவாரி தரப்புலயும் லாரி தரப்புலயும் ஆளுங்க கைதானாங்க. வழக்கு சிபிசிஐடிக்குப் போச்சு. புதைச்ச உடலைத் தோண்டி எக்ஸ்ரே எடுக்க ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு போட வேண்டி வந்துச்சு. திருமயம் இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட், தாசில்தாருக்கு இடமாற்றம். யார் குற்றவாளின்னு கோர்ட் சொல்லட்டும், அதுல நான் மூக்கை நுழைக்கலை.

ஒரே ஒரு கேள்வி தான் எனக்கு. யார் புகார் கொடுத்தாங்க, என்ன ஆதாரம் வச்சிருக்காங்க, இதெல்லாம் எதிர்த்தரப்புக்கு எப்படிப் போகுது? ஜகபர் அலி விஷயத்துல அதிகாரிகள் வழியாவே தகவல் போச்சுன்னு அப்பவே குற்றச்சாட்டு வந்துச்சு. அவர் ஒளிஞ்சு மறைஞ்சு கொடுக்கலையே, பேட்டியே கொடுத்தாரேன்னு கேட்கலாம். சரி. மனுவை நாலு தடவை கொடுத்தும் ஒண்ணும் நடக்கலைன்னா மனுசன் கேமராவைத் தானே தேடுவான்?

நம்ம ஊர்ல ஒரு மனு எப்படிப் பயணம் பண்ணுதுன்னு பாருங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டம். வரிசையில நின்னு மனுவைக் கொடுக்குறோம். பேர், அப்பா பேர், ஊர், கதவு எண், செல் நம்பர், எல்லாம் முதல் பக்கத்துலயே இருக்கும். கலெக்டர் ஒரு குறிப்பு எழுதி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்புவார். அங்கிருந்து தாசில்தார், அவர்கிட்ட இருந்து ஆர்.ஐ., கடைசியா வி.ஏ.ஓ. அதாவது எந்தத் தாலுகா ஆபீஸ் கண்ணை மூடிக்கிச்சுன்னு நாம மேல போய்ச் சொன்னோமோ, அந்தத் தாலுகா ஆபீசுக்கே நம்ம அட்ரஸோட சேர்ந்து மனு இறங்கி வரும். அதைக் கையில வாங்குற ஆள் நேரா குவாரிக்குப் போய் "இந்த மாதிரி புகார் வந்திருக்கே, என்ன விஷயம்?"னு கேட்டாப் போதும். அதுக்குப் பேர் விசாரணை. எங்க பெரியப்பா ஒருத்தர் சொல்வார்: "மனு குடுக்குறது பெருசில்லை தம்பி. குடுத்த மனு நமக்கு முன்னாடி ஊருக்கு வந்துரும்."

நான் சாஃப்ட்வேர்க்காரன். எங்க தொழில்ல வாடிக்கையாளர் விவரத்தை எவன் திறந்து பார்த்தாலும், எந்த நிமிஷம் பார்த்தான்னு பதிவாகும். தேவையில்லாம பார்த்தா வேலை போகும். ஒரு பீட்சா ஆர்டருக்கு இருக்குற அந்தப் பாதுகாப்பு, கனிமக் கொள்ளையைப் பத்திப் புகார் சொன்னவனோட பேருக்கு ஏன் இருக்கக் கூடாது?

இது புதுசா நடக்குற அநியாயமும் இல்லை. நம்ம இன்ஜினியரிங் ஜாதி ஆள் ஒருத்தர், சத்யேந்திர துபே, ஐஐடி கான்பூர். தங்க நாற்கரச் சாலை வேலையில நடந்த ஊழலைப் பத்தி நேரா பிரதமருக்கே கடிதம் எழுதினார். என் பேரை ரகசியமா வைங்கன்னு அதுலயே கேட்டிருந்தார். கடிதம் அவர் பேரோட ஒவ்வொரு மேசையா இறங்கிப் போச்சு. 2003 நவம்பர் 27, கயாவுல சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறின்னு சொல்லிச்சு சிபிஐ. 2010ல மூணு பேருக்குத் தண்டனை ஆச்சு. கொலைக்கு எது காரணம்னு என்னவோ சொல்லட்டும், பேரை வெளியே விட்டது அரசாங்க ஆபீஸ் தானே? அந்தச் சாவுக்கப்புறம் கிளம்பின கோபத்துல தான், தகவல் சொல்றவங்களைக் காப்பாத்த ஒரு சட்டம் 2014ல வந்துச்சு. நாடாளுமன்றம் நிறைவேத்திச்சு, ஜனாதிபதி கையெழுத்தும் போட்டாச்சு. நடைமுறைக்குக் கொண்டு வர்ற அறிவிக்கை மட்டும் வரவே இல்லை. பதினோரு வருசத்துக்கு மேல ஆச்சு. லாரி மட்டும் சரியான நேரத்துக்கு வந்துடுது.

லாரின்னு சும்மா சொல்லலை. மத்தியப் பிரதேசம் பிண்ட்ல சந்தீப் சர்மான்னு ஒரு டிவி நிருபர். மணல் கும்பலுக்கும் போலீசுக்கும் இருக்குற தொடர்பை வெளியே கொண்டு வந்தார். உயிருக்கு ஆபத்துன்னு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பாதுகாப்பும் கேட்டார். 2018 மார்ச் 26, பைக்ல போனவர் மேல லாரி ஏறுச்சு. அது சிசிடிவியில பதிவும் ஆச்சு. துப்பாக்கின்னா கொலை வழக்கு. லாரின்னா முதல் நாள் விபத்து வழக்கு. அந்த முதல் நாள்ல தான் தடயம் எல்லாம் காணாம போகும்.

இனி நேரடியாப் போதைப்பொருள் விஷயத்துக்கே வரேன். சோமங்கலம் பக்கம் நல்லூர்ல மோசஸ்ங்கிற இளம் டிவி நிருபர். புறம்போக்கு நிலத்தை வளைச்சு விக்கிறதையும் கஞ்சா விக்கிறதையும் பத்திப் பேசினவர். 2020 நவம்பர் 8 ராத்திரி, வீட்டுல இருந்தவரை வெளியே வரவழைச்சு வெட்டிக் கொன்னாங்க. பல்லடம் பக்கம் நேச பிரபு, 2024 ஜனவரி 24. என்னைப் பின்தொடர்றாங்க, வண்டி நிக்குதுன்னு போலீசுக்குத் திரும்பத் திரும்ப போன் பண்ணினார். அந்தப் பேச்சு எல்லார் போன்லயும் சுத்துச்சு. கடைசியில ஒரு பெட்ரோல் பங்க்ல வச்சு வெட்டினாங்க. உயிர் பிழைச்சது அவர் அதிர்ஷ்டம். காவல்துறைக்கு அதுல ஒரு பங்கும் இல்லை.

எங்க மாவட்டத்துக்கு 40 கிலோமீட்டர் சொச்சம் கடற்கரை இருக்கு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி, மீமிசல். அக்கரையில இலங்கை. 2024 மார்ச்ல மீமிசல் பக்கம் ஒரு இறால் பண்ணையில 100 கிலோ ஹாஷிஷும் 876 கிலோ கஞ்சாவும் சுங்கத்துறை பிடிச்சாங்க. மதிப்பு 110 கோடின்னு சொன்னாங்க. சாதாரணமா இந்த மாதிரிக் கடத்தல் செய்தி எப்படி வருதுன்னு கவனிங்க. எத்தனை கிலோ, எத்தனை கோடி, மேசை மேல அடுக்கின பொட்டலம், பக்கத்துல அதிகாரிங்க போட்டோ. பெரும்பாலும் அத்தோட சரி. பணம் போட்டது யார், படகு யாரோடது, இதுக்கு முன்னாடி எத்தனை தடவை போச்சு, இதையெல்லாம் தொடர்ந்து போய்க் கேட்குற செய்தி அபூர்வம். ஏன்? கேட்க வேண்டிய ஆள் அதே ஊர்ல தான் மீன் வாங்குறான், அவன் பிள்ளை அங்கேயே தான் பள்ளிக்கூடம் போகுது. அவனைக் கோழைன்னு சொல்ல எனக்கும் உங்களுக்கும் யோக்கியதை இல்லை. பெங்களூர்ல ஏசி ரூம்ல உட்கார்ந்து டைப் அடிக்கிறவன் நான்.

கொலை நடந்தா ஒரு ஆள் போறான். நடக்கலைன்னாலும் அந்தப் பயத்துலயே நூறு செய்தி செத்துப் போகுது. அந்த நூறு செய்திக்கு யாரும் மெழுகுவர்த்தி ஏத்த மாட்டோம்.

"தாலுகா நிருபர்ல பாதிப் பேர் கவர் வாங்குறவன் தானே, குவாரியில மாமூல் கேட்குறவன் தானே"ன்னு ஒரு கோஷ்டி பின்னூட்டத்துல வரும். வாங்க. அப்படி ஆளுங்க இருக்காங்க, நானும் பார்த்திருக்கேன். மிரட்டிக் காசு பறிச்சா அது குற்றம், புகார் கொடுத்து உள்ள தள்ளுங்க. அது லாரி ஏத்துறதுக்கு நியாயம் ஆகுமா? அப்புறம், நிருபர் கழுத்துல அடையாள அட்டையை மட்டும் மாட்டி விட்டு, சம்பளம் கொடுக்காம, விளம்பரம் பிடிச்சுத் தந்தா கமிஷன்னு சொல்ற நிறுவனங்களை என்ன சொல்றது? குவாரிக்காரர்கிட்டயே விளம்பரமும் வாங்கணும், அவரைப் பத்தியே செய்தியும் போடணும்னா அந்த மனுசன் என்ன பண்ணுவான்?

இன்னொரு கோஷ்டி, "தனி ஆளா ஏன் மோதணும், இது தேவையா"ன்னு கேட்கும். தனி ஆளா விட்டது யாருங்க?

நான் கேட்குறது பெரிய புரட்சி எல்லாம் இல்லை. கனிமம், போதைப்பொருள் பத்தின மனு எதுவும் பேர், அட்ரஸோட கீழே இறங்கக் கூடாது. எண் மட்டும் போகட்டும். பேரை யார் திறந்து பார்த்தாலும் பதிவாகட்டும். புகாருக்கு ஆளான தாலுகா ஆபீசே விசாரிக்கக் கூடாது, வேற மாவட்டத்துல இருந்து ஆள் வரட்டும். மனு கொடுத்தவரோ நிருபரோ வண்டி மோதிச் செத்தா, முதல் மணி நேரத்துல இருந்தே சந்தேக மரணமா எடுத்து, வெளி ஸ்டேஷன் அதிகாரி விசாரிக்கட்டும். பத்திரிகையாளர் பாதுகாப்புக்கு மகாராஷ்டிராவும் சத்தீஸ்கரும் தனிச் சட்டம் போட்டாச்சு. எதுக்கெடுத்தாலும் முன்னோடி மாநிலம்னு மார் தட்டுற நமக்கு ஏன் இன்னும் இல்லை? சட்டம் மட்டும் காப்பாத்தாதுன்னும் தெரியும். சத்தீஸ்கர்ல 2023ல சட்டம் வந்துச்சு, 2025 ஜனவரியில பீஜப்பூர்ல சாலை ஊழலை வெளியே கொண்டு வந்த முகேஷ் சந்திரகரை ஒரு காண்ட்ராக்டர் இடத்துச் செப்டிக் டேங்க்ல தான் பிணமா எடுத்தாங்க. அதனால தான் திரும்பத் திரும்பச் சொல்றேன், முதல்ல ஓட்டையை அடைங்க. ஆபீசுக்குள்ள இருந்து கசியுற வரைக்கும் எந்தச் சட்டமும் காகிதம் தான்.

நம்ம பங்குக்கும் ஒண்ணு இருக்கு. செத்த பிறகு "மாவீரர்"னு போஸ்டர் போடுறதை விட, உயிரோட இருக்கும்போது அவர் சொன்ன செய்தியை நாலு பேர் எடுத்து எழுதினா, கொல்றவனுக்குக் கொன்னு பிரயோஜனம் இல்லாமப் போகும். ஒரு ஆள் கையில இருக்குற ரகசியத்தை அந்த ஆளோட அழிச்சிடலாம். நாப்பது பேருக்குத் தெரிஞ்சுட்டா எத்தனை லாரி அனுப்புவான்?

டிஸ்கி: தமிழ்நாட்டுல போதைப்பொருள் பத்தித் தகவல் சொல்ல 10581ன்னு கட்டணமில்லா எண் இருக்கு. பேர் ரகசியமா இருக்கும்னு சொல்றாங்க. நல்ல விஷயம். குவாரி மனுவுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கய்யான்னு தான் இவ்வளவு நீளமா எழுதினேன். திட்டுறவங்க பின்னூட்டத்துல திட்டலாம், ஆனா சொந்தப் பேர்ல வாங்க.